காசு இருக்கு... டிக்கெட் இல்லை!

வெளிநாட்டு வங்கி கார்டை நம் ஊர் விமான இணையதளங்கள் ஏன் திருப்பி அனுப்புகின்றன? ஓர் இரவின் கதையும், அதன் பின்னால் ஓடும் கணக்கும்.

இரவு ஒன்றே முக்காலுக்கு வரும் போன் நல்ல சேதியாக இருக்காது. ஆனால், அன்றைக்குக் கெட்ட சேதி சாயங்காலமே வந்துவிட்டது. அப்பாவுக்கு நெஞ்சுவலி. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போனில் 14 சதவீதம் சார்ஜ். திரையில் தங்கையின் பெயர். நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரில் வேலை பார்க்கிறாள்.

"அண்ணே, டிக்கெட் போட முடியலண்ணே."

"ஆம்ஸ்டர்டாம் டிக்கெட்டா? அதான் அப்பவே எடுத்துட்டேன்னியே!"

"அது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. சென்னையிலேருந்து தூத்துக்குடிக்குத்தான் கிடைக்கல. மூணு தடவை கார்டைப் போட்டுட்டேன். வேண்டாம் வேண்டாம்ங்குது."

கிட்டத்தட்ட 8,000 கிலோமீட்டர் கூட்டிவருவதற்கு அவள் கார்டை ஒரு கம்பெனி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. கடைசி 600 கிலோமீட்டருக்கு, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு, அதே கார்டு செல்லாக் காசு.

வங்கியில் பணம் இருந்தது. கார்டு காலாவதி ஆகவில்லை. திரையில் வந்ததெல்லாம் ஒரே வரிதான்: 'பணம் செலுத்த இயலவில்லை. மீண்டும் முயலவும்.' அவளும் மீண்டும் மீண்டும் முயன்றாள். அதற்குள் 4,860 ரூபாயாக இருந்த டிக்கெட் 6,120 ஆகிவிட்டது. கடைசியில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடியே நான் யு.பி.ஐ-யில் பணம் கட்டினேன். இருபது விநாடி. டிக்கெட் வந்துவிட்டது.

துபாய், சிங்கப்பூர், லண்டன், டொரன்டோ என்று பிள்ளைகளை அனுப்பிவைத்த குடும்பங்களுக்கு இது புதுக் கதை அல்ல. 'கார்டு எடுக்கல. நீ போட்டுடு, நான் அனுப்பிடறேன்' என்ற வாட்ஸ்அப் செய்தியை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். அப்படியானால் வேண்டாம் என்று சொல்வது யார்? விமான கம்பெனியா, வங்கியா, அரசாங்கமா? அந்த இரவுக்குப் பிறகு என்னை விடாமல் துரத்திய கேள்வி இது.

படிவத்துக்குத் தெரிந்த ஒரே ஊர்

தங்கை அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிக்கல் கார்டு எண்ணுக்கு முன்பே தொடங்கியிருந்தது. மொபைல் எண் கேட்ட கட்டத்தில் +91 என்பது அசைக்க முடியாமல் நின்றது. அதன் பிறகு சரியாகப் பத்து இலக்கம் வேண்டும். நெதர்லாந்து மொபைல் எண்ணில் நாட்டுக் குறியீடு போக ஒன்பது இலக்கம்தான். அடுத்த கட்டம் மாநிலம். ஆந்திராவில் தொடங்கி மேற்கு வங்கத்தில் முடியும் பட்டியல். அதற்கடுத்தது பின்கோடு. ஆறு இலக்கம் கேட்டது. அவள் ஊரின் அஞ்சல் குறியீடு நான்கு எண்ணும் இரண்டு ஆங்கில எழுத்தும் சேர்ந்தது. 'சரியான பின்கோடு தரவும்' என்று சிவப்பில் ஒரு வரி மின்னியது.

அழுது ஓய்ந்து உட்கார்ந்திருப்பவள் என்ன செய்வாள்? எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். என் மொபைல் எண், தமிழ்நாடு, 627002. படிவம் சமாதானமாகிவிட்டது.

அந்தச் சமாதானமே அடுத்த வாசலில் வினையாகியிருக்கலாம். கார்டு நெதர்லாந்து வங்கியுடையது. முகவரி பாளையங்கோட்டை. கார்டைத் தட்டச்சு செய்யும் கம்ப்யூட்டர் இருப்பது ஐந்தோவனில். மோசடியைப் பிடிப்பதற்காக வைத்திருக்கும் மென்பொருள்கள் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த மாதிரி விவரங்களைத்தான். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் சந்தேகப் புள்ளி ஏறும். உண்மையைச் சொன்னால் படிவம் ஏற்காது, பொய் சொன்னால் காவல்காரன் விடமாட்டான்.

மூன்று விநாடி, ஐந்து வாசல்

'பணம் செலுத்து' என்ற பட்டனை அழுத்தியதும் பணம் நேராக விமான கம்பெனிக்குப் போவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த நேரத்தில் பணம் எங்கும் நகர்வதில்லை. ஒரு கேள்வி மட்டும் ஓடிப் போய், ஒரு பதிலோடு திரும்பி வருகிறது.

இணையதளம் அந்தக் கேள்வியை பேமென்ட் கேட்வேயிடம் தருகிறது. கேட்வே, விமான கம்பெனி கணக்கு வைத்திருக்கும் வங்கியிடம் தருகிறது. அந்த வங்கி விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்கில் போடுகிறது. நெட்வொர்க் அதை கார்டு கொடுத்த வங்கியிடம் கொண்டு சேர்க்கிறது. 'இந்தக் கார்டுக்கு இவ்வளவு தொகை, சம்மதமா?' என்பதுதான் கேள்வி. பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். ஐந்து வாசல்கள், சில விநாடிகள். எந்த வாசலில் இருப்பவரும் கதவைச் சாத்தலாம்.

கார்டு வங்கி மறுத்தால் சும்மா மறுப்பதில்லை. இரண்டு இலக்கக் குறியீடு ஒன்றைச் சேர்த்து அனுப்பும். 51 என்றால் கணக்கில் போதிய பணமில்லை. 54 என்றால் கார்டு காலாவதி. 57 என்றால் இந்தக் கார்டுக்கு இந்த மாதிரிப் பரிவர்த்தனைக்கு அனுமதியில்லை. 91 என்றால் வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் 05 என்று ஒன்று இருக்கிறது. வங்கி வட்டாரத்தில் 'டு நாட் ஆனர்' என்பார்கள். 'ஏற்காதே, ஏன் என்று கேட்காதே' என்பதுதான் அதன் சாரம்.

இந்தக் குறியீடு கேட்வே வரைக்கும் வந்துவிடுகிறது. ஆனால், வாடிக்கையாளரின் திரைக்கு வருவதற்குள் கரைந்துபோய், 'பணம் செலுத்த இயலவில்லை' என்று ஆகிவிடுகிறது. திருடனுக்குத் துப்புக் கொடுத்துவிடக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அது முழுக்கத் தவறும் அல்ல. ஆனால், 'உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்டிருக்கிறது' என்று சொல்வதால் எந்தத் திருடன் பிழைத்துவிடப் போகிறான்?

மறுநாள் விமானம் ஏறும் முன் தங்கை தன் வங்கியிடம் கேட்டாள். 'நாங்கள் இரண்டு முறை சம்மதம் கொடுத்தோம். மூன்றாவது கேள்வி எங்களிடம் வரவே இல்லை' என்றார்கள். விமான கம்பெனியின் கால் சென்டரைக் கேட்டாள். 'உங்கள் வங்கிதான் மறுத்துவிட்டது, மேடம்' என்றார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இருவருக்கும் நடுவில் இன்னும் மூன்று வாசல்கள் இருக்கின்றன. அங்கே கஸ்டமர் கேர் கிடையாது.

கார்டின் நெற்றியில் எழுதியது

கார்டு எண் ஏதோ குலுக்கிப் போட்ட எண் அல்ல. முதல் ஆறு இலக்கங்கள், 2022-லிருந்து புதிய முறைப்படி எட்டு இலக்கங்கள், எந்த வங்கி, எந்த நாடு, என்ன வகைக் கார்டு என்று சொல்லிவிடும். 4-இல் தொடங்கினால் விசா. மாஸ்டர்கார்டு பெரும்பாலும் 5. நீங்கள் கடைசி இலக்கத்தைத் தட்டி முடிக்கும் முன்பே உங்கள் கார்டு எந்த நாட்டுக் குடிமகன் என்பது எதிரே இருக்கும் கணினிக்குத் தெரிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கார்டுகளின் முதல் இலக்கத்துக்கான உலகத் தர விதியில் 1 என்ற எண் விமான நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 'இப்போது பயணம், பிறகு பணம்' என்ற ஏற்பாட்டை விமான கம்பெனிகள் 1936-லேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டன. ஏர் டிராவல் கார்டு என்று அதற்குப் பெயர். டைனர்ஸ் கிளப் வந்ததே 1950-இல்தான். உலகத்துக்குக் கடன் அட்டை பழக்கியவர்களில் முன்னோடிகள் விமான கம்பெனிகள். அவர்கள் வாசலில்தான் இன்று கார்டு முட்டிக்கொண்டு நிற்கிறது.

கார்டுக்கு நாடு உண்டு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ரஷ்யர்கள் 2022 மார்ச்சில் தெரிந்துகொண்டார்கள். உக்ரைன் போரை அடுத்து விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யச் சேவையை நிறுத்தின. ரஷ்ய வங்கிகள் கொடுத்த அந்த கார்டுகள் நாட்டுக்கு வெளியே வெறும் பிளாஸ்டிக் ஆகின. கணக்கில் பணம் அப்படியே இருந்தது. வெளியூரில் மாட்டிக்கொண்டவர்களால் ஊர் திரும்ப ஒரு டிக்கெட்டுக்குக்கூட அதைக் காட்ட முடியவில்லை.

திருடனும் தங்கையும்

விமான கம்பெனிகள் இவ்வளவு மிரளுவதற்குக் காரணம் இருக்கிறது. துணிக்கடையில் திருட்டுக் கார்டில் சட்டை வாங்கினால், பார்சல் போய்ச் சேருவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. விமான டிக்கெட் அப்படியல்ல. பணம் கட்டிய மறுநொடி கைக்கு வந்துவிடும். திருட்டுக் கார்டு விவரங்களை வைத்திருப்பவர்கள், மறுநாள் புறப்படும் விமானத்துக்கு டிக்கெட் எடுத்து, பாதி விலைக்கு யாருக்காவது விற்றுவிடுவார்கள். கார்டின் சொந்தக்காரர் ஸ்டேட்மென்டைப் பார்த்து அலறுவதற்குள் விமானம் தரையிறங்கியிருக்கும்.

அவர் தன் வங்கியில் புகார் கொடுப்பார். வங்கி அந்தத் தொகையை விமான கம்பெனியிடமிருந்து திரும்பப் பிடிக்கும். இதற்கு 'சார்ஜ்பேக்' என்று பெயர். பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. பறந்துபோன இருக்கையைத் திரும்ப விற்க முடியாது. இணையத்தில் நடக்கும் இந்த டிக்கெட் மோசடியால் விமானத் துறைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் நஷ்டம் என்று ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் சொல்லிவந்திருக்கிறது. இதற்கென்றே விமான நிலையங்களில் பல நாட்டுக் காவல்துறைகளும் கூட்டாகச் சோதனை நாள்கள் நடத்தியிருக்கின்றன.

இந்த நஷ்டத்தைத் தவிர்க்க, சந்தேகத்துக்குரிய பயணி எப்படி இருப்பார் என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் டிக்கெட் எடுப்பார். போகும் வழி மட்டும் எடுப்பார், திரும்பும் வழி இருக்காது. வேறு நாட்டுக் கார்டு. முகவரி ஒத்துப்போகாது. அகால நேரம். ஒருமுறை மறுத்தால் சில நிமிடங்களுக்குள் மறுபடி மறுபடி முயல்வார். சில நேரம் பயணி ஒருவர், கார்டு இன்னொருவருடையது.

இப்போது என் தங்கையைப் பாருங்கள். புறப்பட ஒன்றரை நாள்கூட இல்லை. எப்போது திரும்புவோம் என்று தெரியாததால் போகும் வழி மட்டும். கார்டு நெதர்லாந்து, முகவரி பாளையங்கோட்டை. இந்திய நேரம் நடுராத்திரி. அடுத்தடுத்து மூன்று முயற்சி.

அப்பாவைப் பார்க்கப் பதறி ஓடிவரும் மகளும், திருட்டுக் கார்டில் டிக்கெட் எடுப்பவனும் அந்த மென்பொருளின் கண்ணுக்கு ஒரே ஆள். துக்கத்துக்கும் களவுக்கும் அவசரம் பொது. நிதானமாக, மூன்று மாதம் முன்பே, போகவர டிக்கெட் எடுத்துச் சுற்றுலா வருபவரிடம் இந்தக் காவல் கண்டும் காணாமல் இருக்கும். உண்மையிலேயே உடனே வர வேண்டியவரைத்தான் நிறுத்தி வைக்கும்.

இரண்டு சட்டத்துக்கு நடுவே ஒரு சந்து

'ஓ.டி.பி கேட்டுச் சரிபார்த்துவிட்டால் தீர்ந்ததே' என்று நமக்குத் தோன்றும். இந்தியக் கார்டுக்கு அப்படித்தான். இணையத்தில் கார்டு பயன்படுத்தினால் இரண்டாவது அடையாளச் சோதனை கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டது. இன்று உலகம் செய்வதை நாம் அப்போதே செய்தோம். ஆனால், அந்த விதி இந்தியாவில் கொடுக்கப்பட்ட கார்டுகளுக்குத்தான். வெளிநாட்டு வங்கி கார்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஐரோப்பாவில் இதே மாதிரி விதி 2019 செப்டம்பரில் வந்தது. தங்கை கார்டைப் போட்டால் அவள் வங்கியின் ஆப் திறந்து விரல்ரேகை கேட்கும். ஆனால், அந்த விதி முழுமையாகச் செல்லுபடியாவது கார்டு வங்கியும், பணம் வாங்கும் நிறுவனத்தின் வங்கியும் ஐரோப்பாவுக்குள் இருந்தால்தான். ஆம்ஸ்டர்டாம் டிக்கெட் எடுத்தபோது ஆப் திறந்தது, விரலை வைத்தாள், முடிந்தது. தூத்துக்குடி டிக்கெட்டுக்கு ஆப் திறக்கவே இல்லை.

ஆக, ஐரோப்பியக் கார்டு இந்தியத் தளத்துக்கு வரும்போது இந்தியச் சட்டமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை, ஐரோப்பியச் சட்டமும் முழுதாகத் தொடவில்லை. நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தில் நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்? கார்டு நெட்வொர்க்குகளின் ஏற்பாட்டின்படி, அடையாளச் சோதனை நடந்திருந்தால் மோசடி நஷ்டம் பொதுவாக கார்டு வங்கியின் பக்கம் போகும். நடக்காவிட்டால் விற்றவர் தலையில் விழும். அதாவது விமான கம்பெனி.

இதோடு கட்டணக் கணக்கும் சேர்கிறது. உள்ளூர் கார்டுக்குக் கேட்வேக்கள் 2 சதவீதம் அளவில் வாங்கினால், வெளிநாட்டுக் கார்டுக்கு 3 சதவீதம் அளவில் வாங்குகின்றன. யு.பி.ஐ-க்கு 2020 ஜனவரியிலிருந்து அந்த வணிகர் கட்டணமே கிடையாது. வெளிநாட்டுக் கார்டு வசதி என்பது கேட்வேயிடம் தனியாகக் கேட்டுத் திறந்துகொள்ள வேண்டிய ஒன்றும்கூட. செலவு அதிகம், ஆபத்து அதிகம், வருபவர் சிலர். இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்கும் எந்த வியாபாரியும் அந்த ஜன்னலை ஒருக்களித்தே வைத்திருப்பார். ஆள் வைத்துத் தடுக்க வேண்டியதில்லை, எண்ணெய் போடாமல் விட்டாலே போதும்.

பிடித்து வைத்த 108 யூரோ

மறுநாள் தங்கையின் வங்கி ஆப்பில் இரண்டு வரிகள் இருந்தன. 54 யூரோ, 54 யூரோ. டிக்கெட் இல்லை, ஆனால் பணம் பிடிக்கப்பட்டிருக்கிறது.

வங்கி 'சம்மதம்' சொன்னதும் அந்தத் தொகையைக் கணக்கில் ஓர் ஓரமாக ஒதுக்கி வைக்கும். விற்றவர் பிறகு வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். விற்பனை நடக்கவில்லை என்றால் 'வேண்டாம், விடுவித்துவிடு' என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் தொகை நாள் கணக்கில் தொங்கும். கிரெடிட் கார்டாக இருந்தால் வரம்பு குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டாக இருந்தால் கையிலிருக்கும் காசே முடங்கும். மாதக் கடைசியில், சம்பளத்தை எதிர்பார்த்து நிற்பவர் நான்கு முறை முயன்றால், ஐந்தாவது முறை உண்மையிலேயே பணம் இருக்காது.

இந்தியாவுக்குள் நடக்கும் பரிவர்த்தனைக்கு இதில் பாதுகாப்பு உண்டு. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. இணையத்தில் கார்டிலிருந்து பணம் போய், விற்றவருக்கு உறுதி வராவிட்டால் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. ஆனால், கொடுப்பவரும் வாங்குபவரும் இந்தியாவுக்குள் இருந்தால்தான் அது பொருந்தும். அந்த 108 யூரோவுக்கு அந்தச் சுற்றறிக்கை பொறுப்பேற்காது.

சுற்று வழிகள்

நேர்வழி அடைபட்டால் நம்மவர்கள் குறுக்குச் சந்து தேடுவார்கள். முதல் வழி, வெளிநாட்டில் இருந்தாலும் இந்திய வங்கிக் கணக்கைப் பயன்படுத்துவது. வெளிநாட்டில் குடியேறியவர் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கின் டெபிட் கார்டு இந்தியக் கார்டு. தளம் மறுக்காது. ஆனால், ஓ.டி.பி எந்த எண்ணுக்கு வரும்? ஊரை விட்டுப் போகும்போது மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் போன சிம்முக்கு வரும். மூன்று மாதம் பயன்படுத்தாமல் கிடந்தால் அந்த எண் பறிபோகலாம். பிறகு வேறு யாருக்கோ ஒதுக்கப்படும். தங்கையின் பழைய எண் இப்போது யாரோ ஒருவரிடம் இருக்கிறது.

இரண்டாவது வழி யு.பி.ஐ. 2023 ஜனவரியில், யு.பி.ஐ-யை நடத்தும் என்.பி.சி.ஐ ஒரு கதவைத் திறந்தது. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ, என்.ஆர்.ஓ கணக்குகளை வெளிநாட்டு மொபைல் எண்ணோடு இணைத்து யு.பி.ஐ பயன்படுத்தலாம். முதலில் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், அமெரிக்கா, சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன் என்று 10 நாட்டு எண்கள் அறிவிக்கப்பட்டன. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. அந்தப் பத்தில் நெதர்லாந்து இல்லை.

மூன்றாவது வழி, ஊரில் இருக்கும் அண்ணன், மச்சான், நண்பன். பெரும்பாலும் ஜெயிப்பது இதுதான். இதிலும் ஒரு கண்ணி உண்டு. வேறொருவர் கார்டில் எடுத்த டிக்கெட் என்றால், செக்-இன் கவுன்டரில் அந்தக் கார்டைக் காட்டச் சொல்லும் உரிமையைப் பல விமான கம்பெனிகள் தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன. என் அலுவலக நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து தன் கார்டில் பெற்றோருக்கு டிக்கெட் எடுத்திருந்தார். மீனம்பாக்கத்தில் அவர்களை நிறுத்திக் கார்டு எங்கே என்று கேட்டார்கள். 'அது எங்க பையன்கிட்ட இருக்கு. அவனைப் பாக்கத்தாம்மா போறோம்' என்று அந்த அம்மா சொன்ன பதிலுக்குக் கவுன்டரில் இருந்த பெண்ணே சிரித்துவிட்டாராம். மகன் கார்டைப் படமெடுத்து, நடு எண்களை மறைத்து, கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு அனுப்பிய பிறகே போர்டிங் பாஸ் வந்தது.

நம் கார்டு அங்கே போனால்...

இது ஒருவழிப் பாதை அல்ல. மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மாவுக்கு இங்கிருந்து வெளிநாட்டு விமானத் தளத்தில் டிக்கெட் எடுத்துப் பாருங்கள். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுக்குப் பிறகு, புதுக் கார்டுகளில் இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் அணைக்கப்பட்டே வருகின்றன. நாமாக வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். திறக்காமல் முயன்றால் அங்கேயும் அதே ஒற்றை வரிதான்.

அமெரிக்கத் தளங்களில் முகவரிச் சரிபார்ப்பு என்று இன்னொன்று உண்டு. வீட்டு எண்ணையும் ஜிப் கோடையும் வங்கியிடம் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் வங்கிகளைத் தாண்டினால் அது பெரும்பாலும் பலிக்காது. 'பழைய எண் 14, புதிய எண் 32, இரண்டாவது குறுக்குத் தெரு' என்ற நம் முகவரியை எந்த எண்ணோடு ஒப்பிடுவார்கள்?

ஒரு நல்ல சேதி, ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட புதிய அடையாளச் சோதனை விதிகள் வெளிநாட்டுத் தளங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டு வணிகர் கூடுதல் சோதனை கேட்டால் இந்திய வங்கிகள் அதைச் செய்து தரும் ஏற்பாட்டை 2026 அக்டோபர் 1-க்குள் முடிக்க வேண்டும். இந்தியக் கார்டு வெளியே போகும் சந்து கொஞ்சம் அகலமாகும். வெளிநாட்டுக் கார்டு உள்ளே வரும் சந்தையும் யாராவது கவனித்தால் நல்லது. அதற்குப் பெரிய தொழில்நுட்பம்கூட வேண்டாம். நாட்டுக் குறியீட்டை மாற்ற அனுமதிக்கும் ஒரு கட்டம், எந்த ஊர் அஞ்சல் குறியீட்டையும் ஏற்கும் ஒரு பெட்டி, 'யார் மறுத்தார்கள், அடுத்து என்ன செய்யலாம்' என்று சொல்லும் இரண்டு வரி. இவ்வளவுதான் கேட்கிறோம்.

டிக்கெட் எடுக்கும் முன்...

• வங்கி ஆப்பில் இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு இரண்டும் திறந்திருக்கின்றனவா, வரம்பு போதுமா என்று முதலில் பாருங்கள்.

• கட்டணப் பக்கத்தில் 'சர்வதேச கார்டு' என்று தனிப் பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். உள்ளூர்ப் பிரிவில் போட்டால் பல தளங்கள் மறுக்கும்.

• முகவரி கேட்டால் கார்டு வங்கியிடம் பதிவாகியிருக்கும் முகவரியையே கொடுங்கள். படிவம் ஏற்காவிட்டால் அதே கம்பெனியின் ஆப்பையோ வெளிநாட்டுப் பக்கத்தையோ முயலுங்கள்.

• வி.பி.என் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். கார்டு ஒரு நாடு, கம்ப்யூட்டர் இன்னொரு நாடு என்று காட்டினால் சந்தேகம் கூடும்.

• இரண்டு முறை மறுத்தால் நிறுத்துங்கள். மூன்றாவது முறை பலிப்பதைவிட, கார்டே முடக்கப்பட வாய்ப்பு அதிகம்.

• 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டலாம்' என்று தளம் கேட்டால் யோசியுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். தளம் காட்டும் ரூபாயிலேயே கட்டுவது பொதுவாக மேல்.

• முடிந்தால் உள்நாட்டுப் பயணத்தையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ஐந்தோவனில் இருப்பவருக்குத் தூத்துக்குடி வரை ஒரே சீட்டு கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

• ஒவ்வொரு தோல்வியையும் நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் பிடிக்கப்பட்டால் பேச அதுதான் ஆதாரம்.

• டிக்கெட்டை ரத்து செய்தால், கிரெடிட் கார்டில் கட்டிய பணம் 7 நாளுக்குள் அதே கார்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பணம் கார்டின் சொந்தக்காரருக்குத்தான் வரும், பயணிக்கு அல்ல. கடன் வாங்கிய கார்டு என்றால் இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தங்கை வந்து சேர்ந்தாள். தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அப்பா வார்டுக்கு மாறியிருந்தார். ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பயம் விலகியிருந்தது.

எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். பில் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது தங்கை தன் போனைக் காட்டினாள். இரண்டு 54 யூரோ வரிகளும் காணாமல் போயிருந்தன. 'திரும்பியது' என்றுகூட இல்லை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல் அந்த இடம் சுத்தமாக இருந்தது.

காரில் வரும்போது முழுக் கதையையும் அப்பாவிடம் சொன்னோம். நாற்பது வருஷம் ரேஷன் கடை நடத்தியவர். கார்டைத் திருப்பி அனுப்பினால், அரிசி வரவில்லையா, பெயர் இல்லையா என்று ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டிய உத்தியோகம். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரிம்மா, வேண்டாம்னு சொன்னது யாரு?"

"தெரியலப்பா" என்றாள் தங்கை.